வடக்கே அடித்த காற்று

பர்மாவில், மஜிபின் கிராமத்தில் கோடை பிறந்துவிட்டால் யாரும் இஷ்டத்துக்கு நெருப்பு மூட்ட முடியாது. கியாக்தான் டவுனிலிருந்து வயல்களுக்கு நடுவே தெற்கே போகும் பாதையில் இருக்கிறது அந்த ஊர். பெரும்பாலும் ஓலைக் கூரைகள், மூங்கில் தட்டிச் சுவர்கள். ஒரு பொறி விழுந்தால் போதும். ஆகவே கட்டுப்பாடுகள் இருந்தன. அவை நியாயமான கட்டுப்பாடுகள்தான். சருகோ தாளோ கொளுத்துவதென்றால் முன்னதாகவே அனுமதி கேட்க வேண்டும். காற்று எழும்புவதற்குள், விடியற்காலையிலேயே எரித்து முடித்துவிட வேண்டும். பக்கத்தில் தண்ணீர்ப் பீப்பாய் நிறைந்திருக்க வேண்டும். உச்சி வேளையில் சமையல் அடுப்புகூட எரியக் கூடாது. வீட்டுக்கு வீடு வாசலில் மணல் மூட்டையும், கூரையைப் பிடித்து இழுக்கும் நீண்ட கொக்கிக் கம்பும் இருக்க வேண்டும். தீ பரவினால் அதன் வழியை மறிக்க எந்த வீட்டைப் பிரித்துப் போடுவது என்று சொல்லும் அதிகாரம் விநாயகமூர்த்தியிடம் இருந்தது.

அவரை ஊரில் லூஜீ என்பார்கள். பெரியவர் என்பதற்கான பர்மியச் சொல் அது. வயதென்னவோ ஐம்பதுதான். ஊர்த்தலைமை அவரிடம் வந்த பிறகு தமிழர்கள், பர்மியர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவர் அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டேதான் பேசுவார்.

போன வருஷம் அவர் ஓர் அறுவடை இயந்திரம் வாங்கினார். அது வயலிலிருந்து ரோட்டுக்கு ஏறும் முனையில் கலாவின் வீடு இருந்தது. அந்த இடத்தில் இயந்திரம் திரும்ப முடியாது. ஊரையே சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

கலாவின் கணவன் பாம்பு கடித்து இறந்து வெகுகாலம் ஆகிறது. மாமனார் அய்யாசாமிக்குப் பக்கவாதம். கால்கள் விழுந்துவிட்டன, நாக்கும் புரளாது. மகன் சுந்தர் யாங்கோனில், தாகேதாவில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தான். கலா ஒருத்திதான் கிழவரைத் தூக்கி இறக்கிக் கழுவித் துடைத்து, உளுந்து வயலில் கூலிக்கும் போய்வந்தாள்.

"இந்த எடத்த விட்டுட்டு வாய்க்கால் கரையில வீடு போட்டுக்க, கலா. நான் ஆள் விட்டுக் கட்டித் தரேன்" என்று விநாயகமூர்த்தி கேட்டுப் பார்த்தார்.

"மழைக்காலத்துல அங்க முழங்கால் அளவு தண்ணி நிக்குது, அண்ணே. மாமாவை நான் எங்க தூக்கி வைப்பேன்?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மாசி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் கலா வாசலில் ஒரு கைப்பிடி வேப்பிலையைப் போட்டுப் புகைத்தாள். கிழவரைக் கொசு பிடுங்கியது. அவரால் கையை உயர்த்தி விரட்ட முடியாது. புகை எழுந்த கொஞ்ச நேரத்தில் விநாயகமூர்த்தி நாலு பேரோடு வந்தார். செருப்புக் காலால் வேப்பிலையை மிதித்து அணைத்தார்.

"தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்ல முடியாது, கலா. உனக்கு எல்லாம் தெரியும்."

"கொசுவுக்காகத்தான், அண்ணே. பக்கத்துலயே தண்ணியோட நின்னேன்."

"அனுமதி கேட்டியா?"

கேட்கவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் வேப்பிலைப் புகை போடுவார்கள், யாரும் அதற்கு அனுமதி கேட்டதில்லை. கலா அதைச் சொல்லவில்லை. சொன்னால் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தது போலாகும்.

மழை வரும் வரை தினமும் உச்சி வெயிலில் அவள் தெருத் தெருவாக ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு, "மீ தடீ, மீ தடீ" என்று கூவிப்போக வேண்டும் என்று தண்டனை விதித்தார். நெருப்பு, கவனம் என்று பர்மிய மொழியில் எச்சரிக்கும் கூவல் அது. மற்ற ஊர்களில் அதற்கு ஆண்கள் முறை வைத்துப் போவார்கள். மஜிபினில் அது கலாவின் தலையில் விழுந்தது. பிள்ளைகள் அவளுக்கு 'மீ தடீ அக்கா' என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். வெயிலில் நடந்து அவள் பாதம் கொப்பளித்தது.

அந்த நேரத்தில் கிழவருக்குத் துணையாக ஜெசி வந்து உட்காருவாள். ஜெசியும் கலாவும் பன்னிரண்டு வருஷச் சிநேகிதிகள். ஜெசி வேதக்காரப் பெண். அவள் புருஷன் ஸ்டீவன்தான் விநாயகமூர்த்தியின் அறுவடை இயந்திரத்தை ஓட்டுகிறவன். அவர்கள் வீடு விநாயகமூர்த்தியின் களத்துக்கு நேர் வடக்கே இருந்தது. கலா தகரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஜெசி, "நீ போயிட்டு வா, கலா. தாத்தாவ நான் பாத்துக்கறேன்" என்பாள். அவருக்குப் பழையசோற்றைப் பிசைந்து ஊட்டுவாள்.

பங்குனியில் உளுந்து அடித்து முடிந்தது. களத்தில் காய்ந்த கொடியும் சக்கையும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. மறுநாள் கியாக்தானிலிருந்து வியாபாரிகள் வருவதாக இருந்தார்கள். களம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று விநாயகமூர்த்தி நினைத்தார். அன்று காலையிலிருந்தே தெற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. உச்சி வேளையில் கலா தகரத்தைத் தட்டிக்கொண்டு களத்துப் பக்கம் போனபோது குவியலின் ஓரத்தில் புகை எழுவதைக் கண்டாள். ஸ்டீவன் கவைக்கம்பால் கொடியை வாரி நெருப்பில் தள்ளிக்கொண்டிருந்தான். விநாயகமூர்த்தி மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பீப்பாய் இருந்தது, அதில் தண்ணீர் இல்லை.

"அண்ணே, காத்து அடிக்குது."

"அடிச்சா சீக்கிரம் எரியும்."

"வடக்கால வீடுங்க இருக்கு, அண்ணே. காலையில செய்யலாமே."

அவர் சிரித்தார். "எனக்கு நீ ரூல் சொல்ல வந்திட்டியா? போ, தகரத்தத் தட்டிக்கிட்டு உன் வேலையப் பாரு."

கலா ஸ்டீவனைப் பார்த்தாள். அவனுடைய வீடுதான் முதலில் இருக்கிறது. அவன் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு கவை வாரிப் போட்டான்.

அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் காற்று வலுத்தது. எரியும் கொடிகளைக் கொத்தாகத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டீவன் வீட்டுக் கூரையின் மூலையில் போட்டது. கலா திரும்பிப் பார்த்தபோது ஓலை பற்றிவிட்டது. அவள் தகரத்தை அடித்துக்கொண்டு ஓடினாள். தொண்டை கிழியக் கத்தினாள். முதலில் யாரும் வெளியே வரவில்லை. தினமும் கேட்கிற சத்தம்தானே என்று இருந்துவிட்டார்கள். புகை தெருவுக்குள் இறங்கிய பிறகுதான் கொக்கிக் கம்புகளோடு ஆண்கள் ஓடிவந்தார்கள்.

அப்போது மூலைக் கூரை மட்டும்தான் எரிந்தது. அந்த வீட்டுக்கும் அடுத்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் விநாயகமூர்த்தியின் வைக்கோல் கொட்டகை நின்றது. மூலைக் கூரையை இழுத்துத் தள்ளி, கொட்டகையைப் பிரித்திருந்தால் தீ அங்கேயே நின்றிருக்கும். சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆண்கள் கொட்டகைப் பக்கம்தான் திரும்பினார்கள்.

"அங்க இல்ல" என்றார் விநாயகமூர்த்தி. "காத்து கிழக்கால திரும்பப் போவுது. ரோட்டுக் கடையெல்லாம் போயிடும். கலா வீட்ட இழுங்க."

ஒரு கணம் யாரும் அசையவில்லை. கலாவின் வீடு கிழக்கே, நாலு வீட்டு தூரத்தில் இருந்தது. புகை முழுவதும் வடக்கே போய்க்கொண்டிருந்தது.

"லூஜீ, என் வீடு இன்னும்..." என்றான் ஸ்டீவன்.

"உன் வீடு போயிடுச்சு, ஸ்டீவன். நான் கட்டித் தரேன். நீ முன்னால போ."

ஸ்டீவன் முன்னால் போனான். அவன் போனதும் மற்றவர்களும் போனார்கள்.

கலா அவர்களுக்கு முன்பே வீட்டை அடைந்து வாசல் தூணைக் கட்டிக்கொண்டாள். உள்ளே ஜெசி கிழவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சாம்பல்கூட ஆறிப்போயிருந்தது. ஸ்டீவன் வாசலில் மாட்டியிருந்த கலாவின் கொக்கிக் கம்பையே எடுத்தான்; தன்னுடையதை அவன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"ஸ்டீவன், மாமா உள்ள இருக்காரு" என்றாள் கலா.

நாலு பேர் உள்ளே போய்க் கிழவரைக் கட்டிலோடு தூக்கிவந்து ரோட்டோரம் வெயிலில் இறக்கினார்கள். வாயில் சோற்றுப் பருக்கையோடு அவர் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இரண்டு பெண்கள் கலாவின் விரல்களைத் தூணிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கொக்கி கூரையில் மாட்டியது. மூன்றாவது இழுப்பில் கூரை மொத்தமாகச் சரிந்தது.

ஜெசி அப்போதுதான் தன் வீட்டுத் திசையில் புகையைக் கண்டாள். அலறிக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது தரையோடு எரிந்துகொண்டிருந்தது.

சரிந்து கிடந்த ஓலையையும் மூங்கிலையும் விநாயகமூர்த்தி சுற்றிவந்து பார்த்தார். "இப்படிக் கெடந்தா பொறி விழுந்து பத்திக்கும். நாமளே எரிச்சிட்டா பயம் இல்ல. ஸ்டீவன், வை."

ஸ்டீவன் தீ வைத்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. கலாவின் துணிமணி, கிழவரின் போர்வை, கணவனின் போட்டோ, அரிசி மூட்டை எல்லாம் அதற்குள்தான் இருந்தன. எடுத்துக்கொள்ளட்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் ரோட்டில் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பார்த்தாள்.

வடக்கே நெருப்பு ஸ்டீவன் வீட்டையும் கொட்டகையையும் அதற்கப்பால் இரண்டு வீடுகளையும் தின்று, குளக்கரைக்கு வந்து அடங்கியது. இரண்டாவது வீடு தையல்காரர் இனாயத்துல்லாவினுடையது. தையல் மிஷினை வெளியே இழுக்கப் போய் அவருடைய இரண்டு கைகளும் வெந்துபோயின.

மறுநாள் சாயங்காலம் விநாயகமூர்த்தி கலாவைத் தேடி வந்தார். அவள் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு தார்ப்பாயைக் கட்டிக் கிழவரோடு தங்கியிருந்தாள். கையில் ஒரு பாத்திரம் நிறையச் சோறு கொண்டுவந்திருந்தார். அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

"நாளைக்கு டவுன்ல இருந்து நெருப்பு ஆபீசர் வராரு, கலா. எங்க ஆரம்பிச்சதுன்னு கேப்பாரு."

"களத்துல ஆரம்பிச்சது."

"உன் அடுப்புல ஆரம்பிச்சது."

கலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"ஊர்ல கருகிக் கெடக்கறது களம், மூணு வீடு, ஒரு கொட்டகை, அப்புறம் உன் வீடு. களம்னு சொன்னா நான் ஜெயிலுக்குப் போவணும். நீன்னு சொன்னா சின்ன அபராதம். ஏற்கெனவே வேப்பிலை கொளுத்தி மாட்டினவதானே. எல்லாரும் நம்புவாங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

"சுந்தருக்கு இருபத்திரண்டு வயசு ஆவுதில்ல?" என்றார் அவர். "பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கறாங்க. இந்த ஊர்ல யார் பேரப் போடறது, யாரை விட்டுடறதுன்னு என்னையத்தான் கேக்கறாங்க. அவன் பேரு இன்னும் இங்கதான் இருக்கு. போன மாசம் போன ரெண்டு பையனுங்கள்ல ஒருத்தன் செத்துட்டான். உனக்குத் தெரியுமில்ல?"

கிழவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். விநாயகமூர்த்தி குனிந்து அவர் மேல் கிடந்த துணியைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அதிகாரி ஓர் இளைஞர், பர்மியர். காலணியில் கரி படியப் படிய எரிந்த இடமெல்லாம் நடந்து பார்த்தார். ஊர் முழுக்க அவர் பின்னால் வந்தது. கலாவின் வீடு இருந்த இடத்தில் நின்று, யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

ஜெசி முன்னால் வந்தாள். இரண்டு நாளாக அவள் மாற்றுத் துணி இல்லாமல் இருந்தாள். அவளுடைய எரிந்த வீட்டுத் திட்டில் அன்று காலையில்தான் புதுத் தகரங்களும் மரச்சட்டங்களும் வந்து இறங்கியிருந்தன.

"நான் தாத்தாவுக்குச் சோறு குடுக்க வந்தேன்" என்று பர்மிய மொழியில் சொன்னாள். "அடுப்பு எரிஞ்சிக்கிட்டிருந்திச்சு. கலா அணைக்காம போயிட்டா. பொறி பறந்து கூரையில விழுந்திச்சு."

கலா அவளையே பார்த்தாள். ஜெசி அதிகாரியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தாள். கட்டிலில் கிடந்த அய்யாசாமி தலையை இப்படியும் அப்படியும் உருட்டி, எச்சில் வழிய, "ம்... ம்..." என்றார்.

"பாவம், அன்னையிலேர்ந்து பயந்து போயிருக்காரு" என்றார் விநாயகமூர்த்தி.

அதிகாரி கலாவிடம் திரும்பினார். "உண்மையா?"

"உண்மைதான். நான்தான். அடுப்ப அணைக்காம போயிட்டேன்."

அவர் உடனே எழுதிக்கொள்ளவில்லை. குளத்துப் பக்கமும் களத்துப் பக்கமும் பார்த்தார். "அன்னைக்குக் காத்து வடக்கே அடிச்சிருக்கு. உன் வீடு கிழக்கே இருக்கு. இங்கேயிருந்து பொறி எப்படிக் காத்துக்குக் குறுக்கால அங்க போச்சு?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இந்த ஆள் இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும் என்று கலா நினைத்தாள். கேட்டுவிடக் கூடாதே என்றும் நினைத்தாள்.

"வெயில் ஏறுது, சயா" என்று அதிகாரியை மரியாதையாக அழைத்தார் விநாயகமூர்த்தி. "வீட்டுல டீ போட்டு வச்சிருக்கு. உக்காந்து பேசலாம்."

அதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அவரோடு நடந்தார்.

கூட்டம் கலைந்தபோது இனாயத்துல்லா மட்டும் நின்றார். துணி சுற்றிய இரண்டு கைகளையும் கலாவின் முகத்துக்கு நேராக நீட்டினார். "பாரு. நல்லாப் பாரு. இனிமே நான் ஊசி பிடிக்க முடியுமா?" அவர் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனார்.

கலாவின் மேல் விழுந்த அபராதத்தை விநாயகமூர்த்தியே கட்டினார். அவருடைய கொட்டகையே எரிந்துபோயும் அந்தப் பெண்ணுக்காகக் கட்டினாரே என்று ஊர் மெச்சியது. ஆனால் இனி அவள் இங்கே இருக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. அதை அவர் சொல்லவில்லை, வீடிழந்தவர்கள் சொன்னார்கள்.

சுந்தர் ஒரு வேன் பிடித்து வந்து தாயையும் தாத்தாவையும் தாகேதாவுக்குக் கூட்டிப்போனான். பட்டறைக்கு மேலே ஓர் அறை. கிழவரை மாடிக்குத் தூக்கும்போது, "ஒரு அடுப்ப அணைக்கிறது அவ்வளவு கஷ்டமா, அம்மா?" என்றான்.

அய்யாசாமி அந்த மாதத்தைத் தாண்டவில்லை. காரியம் முடிந்த பிறகு கலா மகனிடம் நடந்ததைச் சொன்னாள். களத்தில் மூட்டிய நெருப்பு, வீட்டை இழுத்தது, தார்ப்பாய்க்கு வந்து லூஜீ பேசியது எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்புறம் ஏன் எல்லாரு முன்னாலயும் ஒத்துக்கிட்டே?"

"உனக்காகத்தான்."

"தப்பையும் செஞ்சிட்டு, அத என் தலையிலயும் போடு" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து கீழே போனான். ஜெசி அக்காவே பார்த்ததாகச் சொன்னாளே; அவள் பொய் சொல்வாளா என்பது அவன் எண்ணம். சின்ன வயதில் அவனுக்குச் சோறு போட்டவள் அவள்.

அவள் காப்பாற்றியதாக நினைத்ததும் நிலைக்கவில்லை. ஊரை விட்டு வந்துவிட்டதால் மஜிபினிலிருந்து சுந்தரின் பெயரை எடுத்துத் தாகேதா வார்டில் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் சீட்டுக் குலுக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலின்போதும் கலா இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். சுந்தர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

ஐப்பசியில் ஒரு நாள் ஜெசி போன் செய்தாள். கலா அப்போது ஒரு டீக்கடையின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு எடுத்தாள்.

"கலா, நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

"இங்க அறுப்பு ஆரம்பிச்சாச்சு. மிஷின் இப்ப நேரா ரோட்டுக்கு ஏறுது. உங்க எடத்துல கல்லு போட்டுட்டாங்க. வீட்டுக்குத் தகரம் போட்டாச்சு. மழை ஒழுகல."

"நல்லது."

"எனக்குத் தூக்கமே இல்லாம இருந்திச்சு, கலா. போன ஞாயித்துக்கெழம பாதர்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செஞ்சிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆண்டவர் மன்னிப்பாருன்னு சொன்னாரு. இப்பத்தான் மனசு லேசா இருக்கு. அதான் உன்கிட்டயும் பேசணும்னு தோணிச்சு."

கலா தோளில் போனை இடுக்கிக்கொண்டு கையைத் துடைத்தாள். அவளுக்கு ஜெசியைத் திட்டத் தோன்றவில்லை.

"பாதர்கிட்ட சொன்னத சுந்தர்கிட்ட சொல்லு, ஜெசி. ஊருக்குச் சொல்ல வேணாம். ஆபீசருக்கு வேணாம். அவன் ஒருத்தன்கிட்ட மட்டும் சொல்லு. ஒரு வார்த்தை. சாயங்காலம் வீட்டுல இருப்பான். நான் போனக் குடுக்கறேன்."

மறுமுனையில் கோழிகள் சத்தம் கேட்டது. தூரத்தில் இயந்திரம் ஓடும் சத்தமும் கேட்டது.

"அவன் கோவக்காரப் பையன், கலா. கேட்டா இங்க வந்து நிப்பான். லூஜீக்குத் தெரிஞ்சா ஸ்டீவன் வேலை போயிடும்."

"வர மாட்டான். நான் பாத்துக்கறேன். சொல்லு, ஜெசி."

"நீ வேற எதுன்னாலும் கேளு."

"வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"நான் உனக்காகத் தெனமும் ஜெபம் பண்றேன்" என்றாள் ஜெசி. பிறகு, ஸ்டீவன் சாப்பிட வரும் நேரம் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சாயங்காலம் கலா அதே எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுந்தர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டான். யாரும் இல்லை என்றாள். அவன் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினான், அவள் போட்டாள்.